அப்பா பெயரில் இருக்கும் அரசு கான்ட்ராக்ட் நிறுவனம்: பெரிதாக்குவதா, முதலில் பெயர் மாற்றுவதா?

புதுகை_கட்டுமானம்

வணக்கம் நண்பர்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா புதுக்கோட்டைப் பக்கம் முப்பது வருடமாக அரசு கான்ட்ராக்ட் செய்கிறார். பள்ளி வகுப்பறை, சுற்றுச்சுவர், அங்கன்வாடி, சிறு பாலம், கண்மாய் மதகு, இந்த மாதிரி வேலைகள். நிறுவனம் முழுக்க அவர் ஒருவர் பெயரில், ப்ரொப்ரைட்டர்ஷிப். நான் சிவில் முடித்து சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அப்பாவுக்கு 64 வயது. போன வருடம் ஸ்டென்ட் வைத்தோம். இன்னும் சைட்டுக்குப் போகிறார், கான்கிரீட் போடும் நாளில் அவரைத் தடுக்கவே முடியாது. ஆனால் எல்லாமே அவர் கையெழுத்தில் ஓடுகிறது என்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

கணக்கு இப்படி: கடந்த ஐந்து வருடத்தில் ஒரே வருடத்தில் அதிகபட்சமாகச் செய்த வேலை 1.20 கோடி. ஒற்றை வேலையில் பெரியது 80 லட்சம், அந்த அளவில் மூன்று கட்டடங்கள் முடித்திருக்கிறோம். இப்போது கையில் பாக்கி வேலை 90 லட்சம். எனக்கு மேலே போக ஆசை. 3 கோடி அளவில் பள்ளிக் கட்டடம், விடுதி மாதிரி டெண்டர்கள் கண்ணில் படுகின்றன.

தெரிந்தவர்கள் எல்லாரும் “உடனே பிரைவேட் லிமிடெட் போடு, அப்பதான் பெரிய வேலை வரும்” என்கிறார்கள். அப்பாவோ “என் பெயரில் இருக்கிற சான்றிதழ் கம்பெனிக்கு வருமா? அது வராவிட்டால் நீ வெறுங்கையோடு நிற்பாய்” என்கிறார். யார் சொல்வது சரி? எதை முதலில் செய்வது?

காவிரிக்கரை

தம்பி, தஞ்சாவூர் பக்கம் நானும் இதே தொழில். உங்கள் அப்பா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அரசு கான்ட்ராக்டருக்குச் சொத்து என்றால் மிக்சர் மெஷினும் சென்ட்ரிங் ஷீட்டும் இல்லை. இ.இ. (செயற்பொறியாளர்) கையெழுத்துப் போட்ட பணி முடிவுச் சான்றுதான் சொத்து. அது யார் பெயரில் இருக்கிறதோ அவரால்தான் அடுத்த டெண்டரில் உட்கார முடியும்.

3 கோடியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பெரிய டெண்டர்களில், எவ்வளவு பெரிய வேலை வரை ஒருவரால் தாங்க முடியும் என்று பார்க்க ‘பிட் கெபாசிட்டி’ என்று ஒரு கணக்கு இருக்கும். ஐந்து வருடத்தில் ஒரே வருடம் செய்த அதிகபட்ச வேலை, அதை புது வேலைக்கான வருடங்களால் பெருக்கி, மறுபடி ஓர் எண்ணால் பெருக்கி (டெண்டருக்கு டெண்டர் மாறும், 2 என்று நிறைய இடத்தில் பார்க்கலாம்), அதிலிருந்து கையில் இருக்கும் பாக்கி வேலையைக் கழிப்பார்கள். உங்களுக்கு ஒரு வருட வேலை என்று வைத்தால் 1.20 × 1 × 2 = 2.40 கோடி. 90 லட்சம் போனால் 1.50 கோடி. அவ்வளவுதான் உங்கள் உயரம் இன்றைக்கு. பழைய வருட மதிப்பை இன்றைய விலைக்கு உயர்த்திக் கணக்கிட விடுவார்கள், அதனால் கொஞ்சம் கூடும். ஆனால் 3 கோடி ஆகாது.

கையில் உள்ள வேலையை முடித்து பில் வாங்கினால் அந்த 90 லட்சம் கழியாது. பெரிய வேலை வேண்டும் என்றால் முதலில் இருக்கிற வேலையை முடியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

தணிக்கை_நண்பர்

திருச்சியில் ஆடிட்டர் அலுவலகம். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கான்ட்ராக்டர்கள்.

காவிரிக்கரை அண்ணன் சொன்னதோடு அனுபவத் தகுதியையும் சேர்த்துப் பாருங்கள். மத்திய அரசு வகை டெண்டர்களில் மத்திய விஜிலென்ஸ் ஆணையம் 2002-ல் சொன்ன அளவுகோல் இன்னும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. கடந்த 7 வருடத்தில் அதே மாதிரி வேலை மூன்று என்றால் ஒவ்வொன்றும் மதிப்பீட்டில் 40%, இரண்டு என்றால் 50%, ஒன்று என்றால் 80%. மூன்று வருடச் சராசரி டர்ன்ஓவர் மதிப்பீட்டில் 30%. மத்திய பொதுப்பணித் துறை இரண்டு வேலைக்கான அந்த நடு அளவை 60% என்று வைக்கிறது. உங்களிடம் 80 லட்சத்தில் மூன்று இருக்கிறது, எனவே 2 கோடி வரை அனுபவம் போதும். 3 கோடிக்கு ஒவ்வொன்றும் 1.20 கோடி வேண்டும். டர்ன்ஓவர் 90 லட்சம் போதும், உங்கள் மூன்று வருடச் சராசரி அதைத் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆக அடுத்த படி 1.50 கோடி, அதற்கு அடுத்தது 2 கோடி. படி இருக்கிறது, தாண்டிக் குதிக்கத் தேவையில்லை.

பிரைவேட் லிமிடெட் பற்றி: கம்பெனி சட்டப்படி ஒரு பிரைவேட் லிமிடெட் என்பது புதிய நபர். புதிய பான், புதிய ஜி.எஸ்.டி. எண், துறைப் பதிவு புதிது. ப்ரொப்ரைட்டர் தன் தொழிலை அப்படியே கம்பெனிக்கு மாற்றினால் மூலதன ஆதாய வரி இல்லாமல் செய்ய வழி இருக்கிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் கம்பெனிக்குப் போக வேண்டும். ஈடாகப் பங்குகள் மட்டும்தான் வாங்கலாம், பணமாக வாங்கக் கூடாது. உங்கள் அப்பா குறைந்தது 50% வாக்குரிமையோடு ஐந்து வருடம் இருக்க வேண்டும். 64 வயதில், உடல்நிலையும் இப்படி இருக்கும்போது, அந்த ஐந்து வருடத்தை நன்றாக யோசித்து முடிவெடுங்கள்.

ஜி.எஸ்.டி. கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை (பொருள் வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொள்ளும் வரி) புதிய எண்ணுக்கு மாற்ற ஐ.டி.சி.-02 என்ற படிவம் இருக்கிறது. தொழில் முழுதாக, கடன்களோடு மாறினால்தான் அது செல்லும்.

நான் பொதுவாகச் சொல்வது: முதலில் அப்பா-மகன் பார்ட்னர்ஷிப். பதிவாளரிடம் பதிவு செய்த பார்ட்னர்ஷிப். இரண்டு மூன்று வருடம் அந்தப் பெயரில் சான்றுகள் சேர்ந்தபின் கம்பெனி.

காவிரிக்கரை

ஆடிட்டர் சார், இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். இரண்டு முறை மாற்றுவது இரண்டு முறை தலைவலி. வங்கி, பி.எஃப்., ஜி.எஸ்.டி., துறைப் பதிவு எல்லாம் மறுபடி மறுபடி. போவது என்று முடிவு செய்தால் நேராகக் கம்பெனிக்கே போகலாம். வரியும் கம்பெனிக்குக் குறைவுதானே?

தணிக்கை_நண்பர்

வரி குறைவுதான் அண்ணே. பார்ட்னர்ஷிப்புக்கு நேராக 30%. கம்பெனி விலக்குகளை விட்டுக்கொடுத்தால் 22%, சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17% வரும். ஆனால் 1.20 கோடி வேலை செய்யும் நிறுவனத்தின் லாபத்தில் அந்த வித்தியாசம் எவ்வளவு? பார்ட்னர் சம்பளத்தைச் செலவாகக் கழித்த பிறகு இன்னும் குறையும். கம்பெனி என்றால் டர்ன்ஓவர் எவ்வளவு இருந்தாலும் ஆடிட் கட்டாயம், வருடா வருடம் தாக்கல் செய்யும் படிவங்கள், தாமதமானால் நாளுக்கு நாள் அபராதம். 5 கோடி போகும்போது அது தேவைப்படும். இப்போது அனுபவம் எங்கே எளிதாக ஒட்டும் என்பதுதான் கேள்வி. அது பார்ட்னர்ஷிப்பில் எளிது என்பது என் அனுபவம். வக்கீல் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

வக்கீல்_மதுரை

சொல்கிறேன். அனுபவம் இடம் மாறுமா என்பதில் உச்ச நீதிமன்றத்தின் நியூ ஹொரைசன்ஸ் தீர்ப்பு (1995) இன்றும் எல்லாரும் காட்டும் ஒன்று. ஹைதராபாத் டெலிபோன் டைரக்டரி அச்சிடும் டெண்டர். கம்பெனியின் பெயரில் அனுபவம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். நீதிமன்றம், அனுபவத்தைப் பார்க்கும்போது கம்பெனிக்குப் பின்னால் இருப்பவர்களின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும், வணிகம் தெரிந்த மனிதன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்க்க வேண்டும் என்றது.

ஆனால் இந்தத் தீர்ப்பை நம்பி டெண்டர் போடாதீர்கள். டெண்டர் ஆவணத்திலேயே “டெண்டர் போடுபவரின் சொந்தப் பெயரில் மட்டும்” என்று தெளிவாக எழுதியிருந்தால் அந்த நிபந்தனையைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். 80 லட்சம் வேலைக்காக ரிட் போட்டு ஒரு வருடம் அலைவது லாபமா? எந்தத் துறையில் வேலை செய்யப்போகிறீர்களோ அந்தத் துறையின் நிபந்தனையை முதலில் படியுங்கள். ரயில்வேயை உதாரணத்துக்குச் சொல்கிறேன். அங்கே பார்ட்னர்ஷிப்பிலிருந்து ஒருவர் விலகினால், தன் பங்கு விகிதத்துக்கு ஏற்ற அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 80%, மகனுக்கு 20% என்று பத்திரம் எழுதி, பிறகு அப்பா ஓய்வு என்று விலகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் பங்கு விகிதத்தைப் பத்திரம் எழுதும் நாளிலேயே யோசிக்க வேண்டும். பலர் இதைக் குடும்ப மரியாதையாக மட்டும் பார்த்து “அப்பாவுக்கே பெரிய பங்கு” என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம் ஒன்று. நடந்துகொண்டிருக்கும் 90 லட்சம் வேலையை புதிய நிறுவனத்துக்கு மாற்ற முயலாதீர்கள். துறையின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றுவது ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் தடை. அதை அப்பா பெயரிலேயே முடியுங்கள். புது வேலையை மட்டும் புதிய பெயரில் எடுங்கள். இரண்டு பெயரும் உயிரோடு இருக்கும் காலத்தில் ஒரே டெண்டரில் இரண்டு பெயரிலும் விலை போடக் கூடாது. கூட்டுச் சேர்ந்து போட்டதாக இரண்டையும் தள்ளிவிடுவார்கள், கறுப்புப் பட்டியல் வரை போகும்.

பாலாறு_சப்ளை

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்துவிடுங்கள். சிறு நிறுவனங்களுக்கு இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) கட்டவே வேண்டாம். பணம் 45 நாளில் வரவில்லை என்றால் வட்டியோடு கேட்கலாம். எங்கள் பள்ளி பெஞ்ச் சப்ளையில் அப்படித்தான்.

வக்கீல்_மதுரை

நண்பரே, நீங்கள் பொருள் சப்ளை. அங்கே நீங்கள் சொல்வது பொருந்தும். சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் கொள்கையில் உள்ள இ.எம்.டி. சலுகையும் 25% ஒதுக்கீடும் பொருளுக்கும் சேவைக்கும்தான், கட்டுமான வேலைக்கு இல்லை. அந்தக் கொள்கையும் மத்திய அமைச்சகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உரியது. 45 நாள் விதி 2006-ன் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் கட்டுமான ஒப்பந்தத்துக்கு அது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வேறு வேறாகச் சொல்லியிருக்கின்றன. உத்யம் சான்றை இணைத்தோம் என்று இ.எம்.டி. கட்டாமல் விட்டு, டெண்டர் திறந்த அன்றே தள்ளப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உத்யம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறு தொழில் பிரிவில் வங்கிக் கடன் கேட்க அது வேண்டும்.

வங்கி_மேசை

அந்த வங்கிப் பக்கத்தை நான் சொல்கிறேன். சிறு தொழில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

கான்ட்ராக்டர்கள் எங்களிடம் வரும்போது இரண்டு விஷயத்தில் விழுகிறார்கள். ஒன்று, பல வருடம் உத்தேச லாபக் கணக்கில், டர்ன்ஓவரில் 8% அல்லது 6% லாபம் என்று காட்டி வரி கட்டியிருப்பார்கள். பேலன்ஸ் ஷீட் இருக்காது. இருந்தாலும் அதில் யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும் என்ற விவரம் இருக்காது. சட்டப்படி அது சரிதான். ஆனால் எந்த அடிப்படையில் நாங்கள் கடன் லிமிட் போடுவது? தம்பி, பெரிய வேலைக்குப் போக நினைத்தால் இந்த வருடத்திலிருந்தே முழுக் கணக்கு எழுதி ஆடிட் செய்யுங்கள். மூன்று வருட ஆடிட் அறிக்கை கையில் இருந்தால் பேச்சே வேறு.

இரண்டு, மூன்று இடத்தில் மூன்று டர்ன்ஓவர். ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் ஒன்று, வரிப் பிடித்தப் பட்டியலில் ஒன்று, ஆடிட்டர் சான்றில் ஒன்று. ஆடிட்டர் சான்றில் யூ.டி.ஐ.என். எண் (ஒவ்வொரு சான்றுக்கும் தனி அடையாள எண்) இருப்பதால் துறையினரே இணையத்தில் சரிபார்க்கிறார்கள்.

பேங்க் கேரண்டி (துறைக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதம்) வேண்டும் என்றால் பலர் முழுத் தொகைக்கும் டெபாசிட் வைத்து வாங்குகிறார்கள். அது உங்கள் நடப்பு மூலதனத்தை அப்படியே முடக்கிவிடும். லிமிட்டாகக் கேளுங்கள். சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத நிதியில் 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரை உத்தரவாதம் இருக்கிறது, சொத்துப் பத்திரம் இல்லாமலும் பரிசீலிக்கலாம். நீங்கள் கம்பெனி ஆனாலும் பார்ட்னர்ஷிப் ஆனாலும் உங்கள் சொந்த ஜாமீன் கையெழுத்தை வங்கி கேட்கும். “லிமிடெட் போட்டால் என் வீடு தப்பிக்கும்” என்று நினைத்து வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

காவிரிக்கரை

பண விஷயத்தில் வங்கி நண்பர் சொன்னதற்கு நான் ஒரு பில்லைப் பிரித்துக் காட்டுகிறேன். புதிதாக வருபவர்கள் இதைப் பார்க்காமல்தான் மாட்டுகிறார்கள்.

30 லட்சம் பார்ட் பில் என்று வையுங்கள். 18% ஜி.எஸ்.டி. 5.40 லட்சம். மொத்தம் 35.40. இதில் வருமான வரிப் பிடித்தம் தனிநபர் என்றால் 1%, 30,000. (பார்ட்னர்ஷிப்போ கம்பெனியோ ஆனால் 2%, அதாவது 60,000. பெயர் மாறிய அன்றே கையில் வருவது இவ்வளவு குறையும்.) ஜி.எஸ்.டி. பிடித்தம் 2%, 60,000. தொழிலாளர் நல நிதி 1%, 30,000. நிறுத்திவைப்பு (பிறகு திருப்பித் தருவதற்குத் துறை பிடித்துவைப்பது) 5% என்றால் 1.50 லட்சம். எல்லாம் போக தனிநபர் கணக்கில் விழுவது 32.70 லட்சம். அதிலிருந்து ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், உள்ளீட்டு வரி போக. பிடித்த 60,000 உங்கள் ஜி.எஸ்.டி. ரொக்கக் கணக்கில் ஏறும், ஆனால் நீங்கள் போர்ட்டலில் போய் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் ஏற்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் பில் வந்த பிறகு. பில் வருவதற்கு முன்னால் என்ன நடக்கிறது? ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) வந்து அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) எழுத வேண்டும், ஏ.இ.இ. (உதவி செயற்பொறியாளர்) சரிபார்க்க வேண்டும், டிவிஷனுக்கு (இ.இ. அலுவலகம்) போக வேண்டும், நிதி ஒதுக்கீடு இருக்க வேண்டும். மார்ச் மாதம் பணம் பாயும், ஏப்ரல் மே வறண்டுவிடும். 1.50 கோடி வேலை எடுத்தால் குறைந்தது இரண்டு பில் தள்ளிப்போனாலும் மேஸ்திரிக்குச் சனிக்கிழமைக் கூலி கொடுக்கும் அளவு பணம் தனியாக இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டெண்டர் போடுங்கள். கம்பி கடையும் ஜல்லி கிரஷரும் உங்கள் அப்பா முகத்துக்காகக் கடன் தருகிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

கோவை_வாசகன்

மத்திய அரசு 10 நாளில் 75% பில் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டதே?

ஓய்வுபெற்ற_பொறியாளர்

2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல். தகுதியான பில் தொகையில் 75%-க்குக் குறையாமல் 10 வேலை நாளில் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. மத்திய அரசுத் துறைகளுக்கு உரியது. நம் தம்பி செய்வது மாநிலத் துறை, ஊராட்சி ஒன்றிய வேலைகள்.

நான் அரசுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். பில் தாமதத்தில் ஒரு பகுதி கான்ட்ராக்டர் கையிலேயே இருக்கிறது. க்யூப் டெஸ்ட் (கான்கிரீட் வலிமைச் சோதனை) ரிப்போர்ட் வராமல் பில் கேட்பார்கள். கூடுதல் வேலையை வாய்மொழியாகச் செய்துவிட்டு பில்லில் சேர்க்கச் சொல்வார்கள், திருத்த மதிப்பீடு ஒப்புதல் இருக்காது. அஸ்திவாரம் மண் மூடும் முன் அளவு எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்க மாட்டார்கள். தம்பி படித்தவர், பெரிய நிறுவனத்தில் இருந்தவர். அங்கே கற்ற ஒழுங்கை இங்கே கொண்டுவாருங்கள். ஒரு சைட்டுக்கு ஒரு கோப்பு. சைட் ஒப்படைத்த தேதி, மழையால் நின்ற நாட்கள், வரைபடம் கிடைத்த தேதி எல்லாம் அன்றன்றைக்கு எழுத வேண்டும். கால நீட்டிப்பு கேட்கும்போது இந்தக் கோப்புதான் பேசும். நீட்டிப்பு வாங்காமல் தாமதமாக முடித்த வேலைக்குச் சான்றில் அந்தத் தாமதமும் எழுதப்படும், அது அடுத்த டெண்டரில் இடிக்கும்.

ஓய்வு பெற்ற பொறியாளரை வேலைக்கு எடுக்க நினைத்தால், ஓய்வுக்குப் பின் குறிப்பிட்ட காலம் வரை அவர் அரசு அனுமதி இல்லாமல் கான்ட்ராக்டரிடம் சேரக் கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அதையும் பாருங்கள்.

நெல்லை_சிவில்

தம்பி, உங்கள் நிலைமையில் நான் இருந்திருக்கிறேன், ஆனால் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போனபோது இரண்டு வேலை பாதியில் நின்றது. தனிநபர் நிறுவனம் ஆளோடு போய்விடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நடப்புக் கணக்கு முடங்கியது. அப்பா கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து நான் கையெழுத்துப் போடலாம் என்று நினைத்தேன், ஆனால் கொடுத்தவர் இறந்த நிமிடமே பவர் செல்லாது என்று வங்கியில் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் கான்ட்ராக்டர் இறந்தால் துறை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. நல்லவேளை, அந்த அலுவலகத்தில் வாரிசுச் சான்று கொண்டுவரச் சொல்லி, நான் வேலையை முடிக்க அனுமதித்தார்கள். ஆனால் சான்று வர, அம்மாவும் தம்பியும் சம்மதக் கடிதம் கொடுக்க, கணக்கு திறக்க எல்லாம் சேர்ந்து பல மாதம் ஆகிவிட்டது. அந்த மாதங்களில் மேஸ்திரி தன் ஆட்களுக்கு வேறு வேலை தேட வேண்டி வந்தது. இருபது வருடமாக எங்களோடு இருந்தவர். அவர் திரும்பி வரவில்லை, அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

எனக்கு மிக அதிக நேரம் எடுத்தது டெபாசிட்கள். அப்பா பழைய ஆள். இ.எம்.டி.க்கும் பாதுகாப்புத் தொகைக்கும் தபால் நிலையச் சேமிப்புப் பத்திரங்களை இ.இ. பெயருக்கு ஈடு வைத்துக் கொடுத்திருந்தார். பீரோவில் ஒரு ரப்பர் பேண்ட் போட்ட கட்டு இருந்தது. எது எந்த வேலைக்கு, எது விடுவிக்கப்பட்டது, எது இன்னும் ஈட்டில் இருக்கிறது என்பதற்கு அவர் தலையில் மட்டும்தான் கணக்கு. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (முடித்த வேலையில் வரும் பழுதை நாமே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்து எப்போதோ வாங்கியிருக்க வேண்டிய பணம் கூட அதில் இருந்தது. உங்கள் அப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். வேலை பெயர், ஒப்பந்த எண், டிவிஷன், பத்திர எண், தொகை, விடுவிக்கும் தேதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வேறு எதையும் விட முதலில் இதைச் செய்யுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அப்படித்தான். அப்பா டோக்கனை மகன் செருகிப் பாஸ்வேர்டு போட்டு டெண்டர் ஏற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அது அவருடைய கையெழுத்து, நீங்கள் போடக் கூடாது. உங்கள் பெயரில் ஒன்று எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட கையெழுத்தாளர் என்று முறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுகை_கட்டுமானம்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி.

நேற்று இரவே அப்பாவோடு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் அதே மாதிரிக் கட்டு இருக்கிறது. பாதி எழுதினோம். முதலில் “இப்போ எதுக்குடா இது” என்றார். பிறகு ஒவ்வொரு பத்திரத்தைக் கையில் எடுக்கும்போதும் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்தப் பாலத்தில் ஊற்று வந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் இரவு வரை நின்று தண்ணீர் ஊற்றினார் என்றெல்லாம். அதையும் எழுதிவைத்துக்கொண்டேன், எந்த மண்ணில் என்ன அஸ்திவாரம் என்பது எனக்கு நாளைக்கு வேண்டும்.

வக்கீல் சார், தங்கை இருக்கிறாள், கல்யாணமாகிவிட்டது. பார்ட்னர்ஷிப்பில் அவளைச் சேர்க்க வேண்டுமா? சேர்க்காவிட்டால் பின்னாடி பிரச்சினை வருமா?

வக்கீல்_மதுரை

சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தொழிலையும் குடும்பச் சொத்தையும் பிரித்துவிடுங்கள். அப்பாவின் பெயரில் உள்ள வீடும் நிலமும் வேறு, நிறுவனத்தின் இயந்திரங்களும் வரவேண்டிய பணமும் வேறு. தங்கையை உட்காரவைத்து, தொழிலில் இருக்கும் கடனையும் சேர்த்துக் காட்டிப் பேசுங்கள். பிறகு அப்பா தன் விருப்பப்படி உயில் எழுதிப் பதிவு செய்யட்டும். பத்திரத்தில், ஒரு பார்ட்னர் இறந்தால் நிறுவனம் கலையாது, அவர் பங்குக்கு இன்னார் வருவார் என்று எழுதலாம். ஆனால் நீங்கள் இரண்டே பேர் என்றால் ஒருவர் போனதும் மிச்சம் ஒருவர்தான், ஒருவரால் பார்ட்னர்ஷிப் நடத்த முடியாது. மூன்றாவதாக அம்மாவையோ மனைவியையோ தங்கையையோ சேர்ப்பது இதற்காகத்தான் பயன்படும். அவளுக்கு விருப்பம் என்றால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் கையெழுத்துக்கு மட்டும் ஒருவரைச் சேர்க்காதீர்கள். பார்ட்னர் என்றால் நிறுவனக் கடனுக்கு அவரும் முழுப் பொறுப்பு.

காவிரிக்கரை

மூன்று பேர் விஷயம் நல்ல யோசனை. என் வாதத்தை விட்டுக்கொடுக்கிறேன், உங்கள் அளவுக்குப் பார்ட்னர்ஷிப்பே சரி. ஐந்து கோடி தொடும்போது மறுபடி இங்கே வாருங்கள், கம்பெனி பற்றிச் சண்டை போடுவோம்.

விலை போடும்போது ஒன்று கவனியுங்கள். துறைப் பதிவில் பெரிய வகுப்புக்குப் போனதும் முதல் வேலையைப் பிடிக்க வேண்டும் என்று மதிப்பீட்டுக்கு மிகக் கீழே போடும் ஆசை வரும். அதிகமாகக் குறைத்தால் துறை கூடுதல் பாதுகாப்புத் தொகை கேட்கும், அந்தப் பணமும் முடங்கும். 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனதும் சிலர் அதை அப்படியே லாபம் என்று நினைத்து விலையைக் குறைத்துவிட்டார்கள். உள்ளீட்டு வரி எடுப்பவருக்கு அது முன்பும் திரும்ப வந்த வரிதான். முடங்கும் பணம் குறைந்தது, அவ்வளவே.

புதுகை_கட்டுமானம்

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு இது: கையில் உள்ள வேலைகளை அப்பா பெயரில் முடிப்போம். இந்த வருடத்திலிருந்து முழுக் கணக்கு, ஆடிட். அப்பா, நான், அம்மா மூவரும் சேர்ந்து பார்ட்னர்ஷிப். பங்கு விகிதத்தைத் துறை நிபந்தனைகளைப் படித்தபின் வக்கீலிடம் காட்டி எழுதுகிறோம். பதிவானதும் துறைப் பதிவுக்கு விண்ணப்பம்.

ஒரு கடைசிக் கேள்வி. 1.40 கோடியில் ஒரு விடுதிக் கட்டடம் டெண்டர் வந்திருக்கிறது, பத்து மாத வேலை. பார்ட்னர்ஷிப் அதற்குள் தயாராகாது. அப்பா பெயரில் போடலாமா? போட்டு, வேலை நடுவில் அவருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் முடிக்க விடுவார்களா?

வக்கீல்_மதுரை

போடலாம். ஆனால் பத்து மாத வேலைக்கு கெபாசிட்டியை 10/12 என்று பெருக்கிப் பாருங்கள். 1.20 × 0.83 × 2 கிட்டத்தட்ட 2 கோடி, அதில் பாக்கி போக 1.10-தான் வரும். பாக்கி 90 லட்சத்தில் டெண்டர் தேதிக்குள் எவ்வளவு முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். 60 லட்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் இந்த வேலைக்கு இடம் இருக்கிறது. வாரிசு முடிப்பது பற்றி ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எதுவும் இல்லை என்றால் விளக்கம் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற_பொறியாளர்

விளக்கம் கேட்பதற்குக் கடைசித் தேதி டெண்டர் அறிவிப்பிலேயே இருக்கும், அதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். அலுவலகத்தில் யாராவது “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்று வாயால் சொன்னால் அது நாளைக்கு நிற்காது. எழுத்துப் பதில் வந்தால் அது டெண்டர் ஆவணத்தோடு சேரும், எல்லாருக்கும் பொதுவாக வெளியாகும். இந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றியும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்: ஒப்பந்தம் நடக்கும்போது ப்ரொப்ரைட்டர் அதே குடும்பத்துப் பார்ட்னர்ஷிப்பாக மாறினால் துறை ஒப்புதல் கொடுக்குமா, என்ன ஆவணம் வேண்டும் என்று. கடிதத்துக்கு அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கி அந்தக் கோப்பில் முதல் தாளாகப் போடுங்கள்.

புதுகை_கட்டுமானம்

கடைசித் தேதி வரும் வெள்ளிக்கிழமை சார். நாளைக்குக் காலையில் அப்பா கையெழுத்தோடு நேரில் கொடுக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.